சின்னவள் செய்த ஒரு தப்பு

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மாமியார் மூத்தவளைப் பெரியவ என்றும் இளையவளைச் சின்னவ என்றும் கூப்பிட்டுப் பழகியதில், அம்மா அப்பா வைத்த பெயர்கள் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் என்று ஆகிவிட்டன. இது பெரியவளின் கதை. தன் கதையிலும் பாதி இடத்தைச் சின்னவள்தான் அடைத்துக்கொண்டாள் என்று தெரிந்தால் அதற்கும் ஒரு பெருமூச்சு விடுவாள்.

குறை கண்டுபிடிப்பது பெரியவளுக்குக் கூடவே பிறந்தது. சின்ன வயதில் புதுக் குடையைக் கடையிலேயே விரித்துப் பார்த்து, வளைந்திருந்த ஒரே கம்பியைக் கடைக்காரரிடம் காட்டியவள். கல்யாண மேடையில் மாப்பிள்ளையிடம் அவள் பேசிய முதல் வார்த்தையே, "அந்த விளக்கு வயர் கால் தடுக்கிற இடத்துல கிடக்கு, பாத்து எந்திரிங்க" என்பதுதான். இப்படிப்பட்டவளுக்கு வேறு எங்கே போனாலும் கெட்ட பெயர்தான் கிடைக்கும். மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் சம்பளம் கிடைத்தது. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் நிறுவனம். மற்றவர்கள் எழுதியதை இவள் தட்டிப் பார்ப்பாள், குலுக்கிப் பார்ப்பாள், எங்கே உடைகிறது என்று எழுதிப் போடுவாள். பத்து வருடத்துக்கு மேல் அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். அவள் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் வாசலைத் தாண்டும்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆயிற்று. சின்னவள் வந்தாள்.

வந்தவள் வீட்டோடு நின்றிருந்தால் பெரியவள் எப்படியோ சமாளித்திருப்பாள். மாமியார் சின்னவளுக்கு மட்டும் டீயைத் தனியாக ஆற்றி வைப்பதையும், அவள் குளித்துவிட்டு வரும்வரை எல்லோரையும் சாப்பிடாமல் காக்க வைப்பதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். ஆனால் சின்னவளும் மென்பொருள்காரி. எழுதுகிறவள். ஒரு வருடத்துக்குள் அதே நிறுவனத்தில், அதே மாடியில், ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். அந்த ஜன்னலோர நாற்காலியைப் பெரியவள் பலமுறை கேட்டிருக்கிறாள். கிடைத்ததில்லை.

"ஆஃபீஸ்ல என்னை அக்கான்னு கூப்பிடாத. நாம சொந்தக்காரங்கன்னு யாருக்கும் தெரிய வேணாம். வீணா பேச்சு வரும்" என்று முதல் நாளே சொல்லி வைத்தாள் பெரியவள்.

"சரிக்கா" என்றாள் சின்னவள், சிரித்தபடி. அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு.

பேச்சு வரும் என்றது பொய். ஒப்பிடுவார்கள் என்பதுதான் பயம். ஒரே வீட்டுக்காரர்கள் என்று தெரிந்தால் இவளையும் அவளையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள் அல்லவா. அதனால் இருவரும் ஒரே வாசலிலிருந்து கிளம்பி, வேறு வேறு பேருந்தில் ஏறி, ஒரே கட்டடத்தில் இறங்கினார்கள். வருடா வருடம் நிறுவனத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து நடத்தை விதிகளைப் படித்துக் கையெழுத்து வாங்குவார்கள். தெரிந்த ஆபத்தை மறைக்க மாட்டேன், அடுத்தவர் வேலையை விருப்பு வெறுப்பில்லாமல் மதிப்பிடுவேன், சொந்தக்காரர் யாராவது இங்கே இருந்தால் சொல்லிவிடுவேன் என்றெல்லாம் இருக்கும். முதல் வருடம் அதிலும் பெரியவள் ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னாள். பிழையைத் திருத்தினார்கள், ஆனால் விதிகளை அவள் அதன்பிறகு திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சின்னவளின் வேலை நன்றாக இருந்தது. அதுதான் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்கள் எழுதியதைத் தொட்டாலே நாலு ஓட்டை தெரியும். சின்னவள் எழுதியதில் நாள் முழுக்கத் துழாவினாலும் ஒன்றும் அகப்படாது. அப்படியே ஏதாவது அகப்பட்டாலும், "அய்யோ, எப்படி இதைப் போய் விட்டேன்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள், மொத்த மாடியும் கூடச் சிரிக்கும், அதற்கும் அவளுக்கு நல்ல பெயர்தான். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. ஓட்டை கிடைக்காத கோபத்தில் கிடைத்ததையெல்லாம் எழுதிப் போட்டாள். பொத்தானின் நீலம் ஒரு சாயல் கூடுதல். இரண்டு வரிகளுக்கு நடுவே இடைவெளி சரியில்லை. 'சேமிக்க' என்பதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி தேவையில்லை. எல்லாவற்றின் தலையிலும் 'அவசரம்' என்று குறித்தாள்.

அவர்கள் குழுத் தலைவருக்கு நாளைக்கு சார் என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும், "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். முதலில் பெரியவளின் அவசரங்களை விழுந்தடித்துக்கொண்டு திறந்து பார்த்தார். நீலத்தையும் புள்ளியையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், சின்னவளின் வேலையைப் பற்றிப் பெரியவள் எழுதுவதைத் திறப்பதையே விட்டுவிட்டார். அது பெரியவளுக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் குழந்தைகள் மருத்துவமனை வேலை வந்தது. குழந்தையின் எடையைத் தட்டினால் எந்த மருந்து எவ்வளவு என்று திரையே சொல்லிவிடும். அந்தக் கணக்குப் பகுதி முழுக்கச் சின்னவளுடையது. நிறுவனமே அதைக் கொண்டாடியது. மேலாளர் அம்மா மாடிக்கே இறங்கி வந்து சின்னவளின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பெரியவள் அன்று டீ குடிக்கப் போகவில்லை. மேசையில் உட்கார்ந்து, இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று அந்தத் திரையைத் திறந்தாள்.

அகப்பட்டது. அதுவும் தற்செயலாக. எடையைத் தட்டும்போது விரல் தவறி எழுபது என்று விழுந்துவிட்டது. அழித்துவிட்டு இருபது என்று போட்டாள். மேலே எடை இருபது என்று மாறியது. கீழே மருந்தின் அளவு மாறவில்லை. எழுபது கிலோவுக்கான மருந்து அப்படியே நின்றது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி செய்தாள். மறுபடியும் அதே. எடையைத் திருத்தினால் மருந்து திருந்தவில்லை. பிறகு நடந்ததை மறைப்பதற்கில்லை, சொல்லியே ஆகவேண்டும்: அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊமையாக, உள்ளுக்குள், உடம்பெல்லாம் பரவுகிற சந்தோஷம். சின்னவளிடம் ஒரு தப்பு. நிறமில்லை, புள்ளியில்லை, நிஜமான தப்பு.

எழுதினாள். ஒரு வார்த்தை பொய்யில்லை. எதைத் தட்டினால் என்ன வருகிறது என்று படிப்படியாக, பிசிறில்லாமல் எழுதினாள். தலையில் என்ன குறிப்பது என்ற இடம் வந்தது. 'ஆபத்து' என்று குறித்தால் குழுவில் இருக்கும் எல்லோருடைய கைபேசியும் அலறும். சின்னவள் ஓடி வருவாள், "அய்யோ எப்படி விட்டேன்" என்று சிரிப்பாள், சாயங்காலத்துக்குள் சரி செய்துவிடுவாள், அதற்கும் பாராட்டு வாங்குவாள். பெரியவள் 'சாதாரணம்' என்று குறித்தாள்.

யார் விரல் தப்பித் தட்டப் போகிறார்கள், எப்போதாவது ஒருமுறை நடந்தால் உண்டு, அங்கே நர்ஸ்கள் கண்ணை வைத்துக்கொண்டு சும்மாவா இருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். என்றைக்காவது மருத்துவமனைக்காரர்களே கண்டுபிடித்துச் சத்தம் போடுவார்கள். அப்போது, நான் அன்றைக்கே எழுதிப் போட்டேனே, நீங்கள் யாரும் பார்க்கவில்லையே என்று எல்லோர் முன்னாலும் எடுத்துக் காட்டலாம். அந்தக் காட்சியை அவள் பேருந்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பாத்திரம் துலக்கும்போது இன்னொருமுறை ஓட்டிப் பார்த்தாள். பக்கத்தில் சின்னவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். சரி பார்த்ததாகக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. 'சாதாரணம்' எதுவும் வெளியீட்டைத் தடுக்காது, குழுத் தலைவர் திறந்து கொடுக்காமல் எழுதியவள் கைக்கும் போகாது.

திங்கட்கிழமை மருத்துவமனையில் தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வார்டில் உட்கார்ந்து நர்ஸ்களுக்குத் திரையைப் பழக்கிக் கொடுக்கப் பெரியவளை அனுப்பினார்கள். வெறும் ஒத்திகைதான், மருந்தெல்லாம் பழையபடி தாளில் கணக்குப் போட்டுத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைமை நர்ஸ் வாட்டசாட்டமான பெண்மணி. சத்தமாகப் பேசுவார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். மாடிப்படியில் விழுந்து கணுக்கால் வீங்கிய ஒரு சிறுமியை அவள் அம்மா தூக்கிக்கொண்டு வந்தாள். எடை பார்க்க இறக்கிவிட்டால் நிற்க முடியாமல் அலறினாள்.

"நீ தூக்கிக்கிட்டே ஏறும்மா" என்றார் தலைமை நர்ஸ். அம்மாவும் பெண்ணுமாக எடைமேடையில் ஏறினார்கள். எழுபத்தொன்று. நர்ஸ் அதைத் திரையில் தட்டினார். பிறகு பெண்ணை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு அம்மா மட்டும் ஏறினாள். நர்ஸ் மனதுக்குள் கழித்து, எழுபத்தொன்றை அழித்துவிட்டுப் பதினெட்டு என்று போட்டார். "முடிஞ்சுது. அட, இவ்ளோ சுலபமா!"

பெரியவள் திரையைப் பார்த்தாள். மேலே பதினெட்டு. கீழே எழுபத்தொன்றுக்கான மருந்து.

"ஏன் சிஸ்டர், முதல்லயே கழிச்சிட்டுப் போடக் கூடாதா?" என்றாள்.

"மறந்து போயிடும்மா. கையோட தட்டி வெச்சிட்டு அப்புறம் மாத்திக்குவோம். இங்க பாதிப் பிள்ளைங்க நிக்காது. நாள் பூரா இப்படித்தான்."

"எழுபத்தொண்ணுன்னு போட்டா அது ஒத்துக்கிட்டதே..."

"பதினாறு வயசுப் பையனும் இங்கதானே வர்றான். எழுபது கிலோல எத்தனை பேர்." பிறகு அவர் திரையைத் தட்டிக்கொடுத்தார். "இவ்ளோ நாளா தாள்ல கணக்குப் போட்டு ரெண்டு பேர் ஒத்துப் பாப்போம். இனி அந்த வேலை மிச்சம். புதுசா வந்த பொண்ணுங்க பயப்படாம இதப் பாத்துக் குடுத்துடலாம். என்னம்மா, நம்பலாம்ல?"

பெரியவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. விரல் தவறி எப்போதாவது என்று நினைத்தது, இங்கே நாள் பூரா. கணுக்கால் வீங்கிய சிறுமி, அழுகையை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பாதீங்க சிஸ்டர். அந்த அளவு தப்பு. நாலு மடங்கு வருது. இது திங்கட்கிழமை வராது" என்றாள். அப்படிச் சொல்ல அவளுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

தலைமை நர்ஸ் திரையை உற்றுப் பார்த்தார். சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "அடக் கடவுளே! யாரு செஞ்சது இத?"

எத்தனை நாள் காத்திருந்த கேள்வி. ஒரு பெயர் சொன்னால் போதும். நாக்கு நுனியில் வந்து நின்றது.

"நாங்கதான்" என்றாள் பெரியவள்.

வார்டுக்கு வெளியே வந்து நாளைக்கு சாருக்குப் போன் போட்டாள். அவர் பாதி கேட்டதுமே குறுக்கிட்டார். "மறுபடியும் அவங்க மேலயா? உங்களுக்கும் அவங்களுக்கும் என்னதான் பிரச்சினை? நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு லீவு சார். திங்கட்கிழமை தொடங்குது."

"நீங்களே சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப வந்து..."

"அவ என் ஓரகத்தி சார்."

"என்னது?" என்றார் அவர்.

"என் கொழுந்தன் சம்சாரம். ஒரே வீடு. அவ மேல பொறாமைலதான் இத்தனை நாளா பொத்தான் கலர், புள்ளி எல்லாம் எழுதினேன். இதையும் பொறாமைலதான் சாதாரணம்னு போட்டேன். ஆனா இது நிஜம் சார்."

"இது மட்டும் நிஜம்னு நான் எப்படிங்க நம்புறது?" என்றார் அவர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நியாயமான கேள்வியாகத்தான் கேட்டார்.

வாடகை வண்டி பிடித்து அலுவலகத்துக்கு வந்தாள். மாடியேறி, யார் முகத்தையும் பார்க்காமல், நேராக ஜன்னலோரம் போனாள். இத்தனை வருடத்தில் அந்த மேசைக்கு அவள் போனதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே நல்ல மரம் ஒன்று தெரிந்தது. அந்த நேரத்திலும் அது கண்ணை உறுத்தியது.

"எடை எழுபத்தொண்ணுன்னு போடு" என்றாள்.

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. போட்டாள்.

"அழிச்சிட்டுப் பதினெட்டு போடு. இப்ப மருந்தப் பாரு."

சின்னவள் பார்த்தாள். இன்னொருமுறை செய்து பார்த்தாள். அவளுடைய சிரிப்பு வரும் என்று பெரியவள் காத்திருந்தாள். வரவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "அக்கா" என்றாள், அலுவலகத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி. "அக்கா, இது குழந்தைங்களுக்குப் போறது."

"தெரியும்."

"எப்பப் பாத்தீங்க?"

"போன வாரம்" என்றாள் பெரியவள். "எழுதிப் போட்டேன். சாதாரணம்னு போட்டேன்."

சின்னவள் அவளையே பார்த்தாள். நல்ல புத்திசாலிப் பெண், விளங்காமல் போகுமா. கை ஓங்கி ஒன்று வைத்தால்கூடத் தேவலை என்று பெரியவளுக்கு இருந்தது. சின்னவள் எழுந்து நாளைக்கு சாரின் அறைக்குப் போனாள். பெரியவளும் பின்னாலேயே போனாள்.

நாளைக்கு சார் தானே தட்டிப் பார்த்து வியர்த்துப் போனார். ஆனாலும் திங்கட்கிழமையை விட மனம் வரவில்லை. "எடையைத் திருத்த வேண்டாம்னு ஒரு அறிவிப்பு ஒட்டிடுவோம். தொடங்கிட்டு அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"அங்க கை ஓயாத வேலை சார். அறிவிப்பை யாரும் படிக்க மாட்டாங்க" என்றாள் பெரியவள்.

"நான் எழுதினது சார். தப்புன்னு தெரிஞ்சே போகக் கூடாது. நீங்க நிறுத்தலன்னா நானே மேல போய்ச் சொல்றேன்" என்றாள் சின்னவள். சொன்னபடியே மேலாளர் அம்மாவிடம் போனாள். அன்றே வெளியீடு நின்றது.

பிறகு நடந்ததுதான் பெரியவளின் தலையெழுத்து. அடுத்த கூட்டத்தில் மேலாளர் அம்மா எழுந்து, தன் வேலையில் இருந்த தப்பைத் தானே முன்வந்து சொல்லி, பெரிய வெளியீட்டையே நிறுத்திய நேர்மைக்காகச் சின்னவளைப் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நடத்தை விதி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். சின்னவள் எழுந்து, "கண்டுபிடிச்சது நான் இல்லைங்க, எங்க அக்கா" என்றாள். அதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள், அவளுடைய பெருந்தன்மைக்காக. பெரியவளும் தட்டினாள். உள்ளங்கை எரிந்தது. வயிறும்தான்.

அவளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை கிடைத்தது. ஆபத்தைச் சாதாரணம் என்று குறித்ததற்கும், உறவை மறைத்ததற்கும்.

"உனக்கு ஒண்ணும் சொல்லலையா? நீயும்தான மறைச்ச?" என்று வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டாள். இப்போது ஒரே பேருந்தில் வந்தார்கள்.

"நான் சேர்ந்த அன்னைக்கே ஆஃபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்கா. அது சார் காது வரைக்கும் போகல போல. உங்க கிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

இதிலும் முந்திக்கொண்டாள். பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபின் சின்னவளே பேசினாள். அதில் சிரிப்பு இல்லை.

"அந்த ஒரு வாரம் எனக்கு மறக்காதுக்கா. என் மேல கோவம் இருந்தா என்னைப் பிடிச்சுத் திட்டியிருக்கலாம். அந்தப் பிள்ளைங்க உங்கள என்ன பண்ணாங்க?"

பெரியவளுக்கு அழுகை வந்தது. பேருந்தில் எல்லோரும் பார்க்க, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சின்னவள் ஆறுதல் சொல்லவில்லை. இறங்கும் இடம் வந்ததும் இவள் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

சொந்தக்காரர் வேலையைச் சொந்தக்காரர் சோதிப்பதென்றால் கூட இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அப்படி ஒரு ஆளைப் போட்டார்கள். பெரியவளை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிடத்தான் நாளைக்கு சார் நினைத்தார். சின்னவள்தான் விடவில்லை. "அக்கா மாதிரி என் வேலைய யாரும் உத்துப் பாக்க மாட்டாங்க சார்" என்றாளாம். அதில் கிண்டல் எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று பெரியவளுக்கு இன்றுவரை தெரியாது.

திருத்திய கணக்குப் பகுதி அவள் மேசைக்கு வந்தது. பெரியவள் அதை விடவில்லை. எடையை ஏற்றினாள், இறக்கினாள், பாதியில் அழித்தாள், திரையை மூடித் திறந்தாள், ஒரு குழந்தையின் இடத்தில் இன்னொன்றைப் போட்டாள், தலைமை நர்ஸுக்குப் போன் போட்டு, வேறு எப்படியெல்லாம் எடை பார்ப்பீர்கள் என்று கேட்டு, அத்தனையும் செய்தாள். தப்பு இருந்துவிடக் கூடாது என்று ஒரு மனம் வேண்டியது. இருக்கட்டுமே என்று இன்னொரு மனம் ஏங்கியது. வெட்கமாக இருந்தாலும் அது ஏங்கத்தான் செய்தது.

ஒன்றும் அகப்படவில்லை. பொத்தானின் நீலம் மட்டும் இன்னும் ஒரு சாயல் கூடுதலாகவே இருந்தது. அதை எழுத ஆரம்பித்தாள். பாதியில் அழித்தாள். சரி என்று குறித்துக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாப்பாடு முடிந்து பாத்திரம் துலக்கும்போது, தட்டைத் துடைத்தபடி சின்னவள் கேட்டாள்.

"ஒண்ணுமே கிடைக்கலையாக்கா?"

"இல்ல."

"நல்லாத் தேடினீங்களா?"

"உன் தப்பை என்னை மாதிரி யாருடி தேடுவா? உன் வேலைல இப்ப ஒரு குறையும் இல்ல." அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

சின்னவள் ஒரு பெரிய மூச்சு விட்டாள். பல நாளைக்குப் பிறகு பழைய சிரிப்பு வந்தது. "அப்ப இன்னைக்கு நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்று சொல்லிவிட்டு, துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் போனாள்.

கடைசித் தட்டைப் பெரியவளே துடைத்து வைத்தாள். அந்தத் தூக்கத்தின் மேலும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.